குருவித் தட்டு

இந்த மாதம் நம் இசைக் கூட்டத்தில் என் முறை. நம் வழக்கப்படி எனக்குப் பிடித்த ஒரு படைப்பைக் கொண்டுவந்து, அது ஏன் பிடித்தது என்று ஒரு பக்கம் எழுதி வாசித்துவிட்டு, உங்களுக்குப் போட்டுக்காட்ட வேண்டும். ஆறு வருடமாக அப்படித்தான் செய்துவந்திருக்கிறேன். இருநூறு வருடப் பழைய சிம்பொனிகளும் கொண்டுவந்திருக்கிறேன். இன்று உயிரோடிருப்பவர்கள் எழுதிய, நம்மில் சிலர் காதைப் பொத்திக்கொண்ட இசையும் கொண்டுவந்திருக்கிறேன். இந்த முறை எதுவும் கொண்டுவரவில்லை. இதை மட்டும் கேட்டுவிடுங்கள்.

போன மாதம் நம் டாக்டர் வீட்டு மாடியில் அந்த மெதுவான பகுதியைக் கேட்டோமே, வயலின்கள் எல்லாம் அடங்கி, புல்லாங்குழல் மட்டும் தனியாக எழுந்ததே, அப்போது நான் எழுந்து வெளியே போனேன். இருமல் என்று நினைத்து உங்களில் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். இருமல் இல்லை. புரட்டாசியில் என் அண்ணன் இறந்துவிட்டான். ஏறக்குறைய ஐம்பது வருடம் காது கேட்காமல் வாழ்ந்தவன். எனக்கு அண்ணன் ஒருவன் இருந்ததே உங்களில் யாருக்கும் தெரியாது. இசை கேட்கிறவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு அவனைப் பற்றிப் பேச எனக்கு வாய் வந்ததில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. அவனுக்குப் பதினாறு. சங்ககிரியில் மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. எதிரே லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை. விடிந்தது முதல் தகரத்தை அடிக்கும் சத்தம். அப்பா பம்பாய்க்கு லாரி ஓட்டினார். போனால் திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அந்த வருடம் மாசி மாதம் திரும்பி வந்தபோது டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பழுப்புப் பெட்டியை இறக்கினார். ரெக்கார்டு பிளேயர். மூடியைக் கழற்றினால் அந்த மூடியே ஸ்பீக்கர். கூடவே பழைய போர்வையில் சுற்றிய பதினோரு இசைத்தட்டுகள். டீசல் வாசமும் பாச்சா உருண்டை வாசமும் கலந்து அடித்தது. பம்பாயில் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளிதேசம் போன ஒரு வயதான தம்பதியின் சாமான்களைத் துறைமுகத்துக்கு ஏற்றிப் போனாராம். இதை மட்டும் கொண்டுபோக இடமில்லை, நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார்களாம்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தாள். சினிமாப் பாட்டு வரும் என்று எதிர்பார்த்தாள். முதல் தட்டு போட்டோம். பாடவே இல்லை. இரண்டாவது போட்டோம். அதிலும் பாடவில்லை. மிச்சத்தையும் கொஞ்சம் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தோம்.

"பதினொண்ணுல ஒண்ணுல கூட மனுசன் வாயத் தொறக்கலையே" என்றாள் அம்மா.

"பாட மாட்டாங்களாமா. ஒரு பெரிய மண்டபத்துல நூறு பேரு கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்து ஒண்ணா வாசிப்பாங்களாமா. முன்னால ஒருத்தன் குச்சியை ஆட்டிக்கிட்டு நிப்பானாமா. அந்தப் பெரியவரு சொன்னாரு" என்றார் அப்பா.

"குச்சிக்காரன் என்ன வாசிப்பான்?"

"அவன் ஒண்ணும் வாசிக்க மாட்டானாமா."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா லாரிக்குக் கீழே படுத்துத் தூங்கப் போனார். அண்ணனும் நானும் மட்டும் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தோம். பதினோரு தட்டையும் கேட்டு முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

அட்டையில் இருந்த எழுத்து எங்களுக்கு ஒத்துவரவில்லை. அண்ணன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை வைத்து எழுத்துக்கூட்டிப் பார்த்தான். வாய்க்குள் நுழையாத பெயர்கள். அதனால் நாங்களே பெயர் வைத்தோம். ராசா வர்ற தட்டு, மழைத் தட்டு, சண்டைத் தட்டு. ஒன்றில் ராகம் என்று எதுவுமே இல்லை. எங்கோ ஓர் இரும்பு அடி, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு எறும்புக் கூட்டம்போல வயலின்கள். அது பட்டறைத் தட்டு. இந்தக் காலத்து இசை உனக்கு எப்படி உடனே பிடித்துப்போகிறது என்று கேட்பீர்களே, பட்டறைத் தட்டுதான் காரணம். அண்ணனுக்கு அது உயிர். "எதுத்தாப்புல அடிக்கறானே, அவனுக்கும் தாளம் தெரியுது பாரு" என்பான்.

குருவித் தட்டு என்று ஒன்று இருந்தது. அதில் நடுவே எல்லா வாத்தியமும் மூச்சை அடக்கிக்கொள்ளும். புல்லாங்குழல் ஒன்று மட்டும் மேலே ஏறி, தயங்கி, இன்னும் கொஞ்சம் மேலே ஏறும். நான் அதற்காகவே காத்திருப்பேன்.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு தட்டு. ஒருநாள் அவன் எடுப்பான், மறுநாள் நான். கேட்டு முடித்ததும் என்ன பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். நான் ஒரு வரியில் முடித்துவிடுவேன். அண்ணன் அரைமணி நேரம் சொல்வான். எந்த இடத்தில் எந்த வாத்தியம் எதற்கு வழிவிட்டது என்பது முதற்கொண்டு சொல்வான். முழுத் தட்டையும் வாயாலேயே முனகுவான். ஒருநாள் சொன்னான், "அம்முணி, நானும் லாரி ஓட்டோணும். பம்பாய் போயி அந்த மண்டபத்துல உக்காந்து நேர்ல பாக்கோணும். நூறு பேரையும்."

சின்ன வயதிலிருந்தே அவன் இரண்டு காதிலும் சீழ் வடியும். அம்மா பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றுவாள், பஞ்சு வைப்பாள். சளி இறங்கினால் சரியாகிவிடும் என்பாள். பெரிதாக யாரும் நினைக்கவில்லை.

பங்குனி வாக்கில் அவன் குருவித் தட்டை எடுப்பதை நிறுத்திவிட்டான். நான் எடுத்தாலும் "அது தேஞ்சு போச்சு, வேற போடு" என்றான். தேயவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது. என் தட்டு என்பதால் மட்டம் தட்டுகிறான் என்று நினைத்து, "நீ பொய் சொல்ற" என்று சண்டை போட்டேன். அவன் எப்போதும் முரசு அதிர்கிற தட்டுகளையே எடுத்தான். கேட்கும்போது பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வான். சில நாள் தாடையையே வைத்துக்கொள்வான்.

பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வெயிலில் பட்டறைக்காரர்கள்கூடப் படுத்துவிட்டார்கள். நான் பிடிவாதமாகக் குருவித் தட்டைப் போட்டேன். அண்ணன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். புல்லாங்குழல் வந்தது. அவன் கை பெட்டியின்மேல் இல்லை. எனக்கு என்ன தோன்றியதோ, மெதுவாகக் கையை நீட்டி முள்ளைத் தூக்கிவிட்டேன்.

வீடு முழுக்க நிசப்தம். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

குருவி ஏறுகிற இடத்தில் புருவத்தை ஏற்றினான். தயங்குகிற இடத்தில் மூச்சைப் பிடித்தான். ஒரு இடம் தப்பவில்லை. தட்டு ஓடியிருந்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்து, எல்லா வாத்தியமும் சேர்ந்து வருகிற இடத்தில் சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்தான். என் கையில் முள் இருந்தது.

அவன் முகம் சுருங்கிப்போன விதத்தை இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

"எப்பருந்து?" என்று கேட்டேன். அவன் என் வாயைப் பார்த்தான். மறுபடி கேட்டேன்.

"கொஞ்சம் கொஞ்சமா. பெரிய சத்தமெல்லாம் கேக்குது. நீ பேசறது வாயப் பாத்தா தெரியுது. குருவி மட்டும் தான் போயிருச்சு."

"அப்பாகிட்ட சொல்லலாம்ண்ணா."

கையைப் பிடித்துக்கொண்டான். "வேண்டாஞ் சாமி. செவுட்டுப் பையனுக்கு லைசென்சு குடுக்க மாட்டாங்க. அப்பா லாரியில ஏத்தவே மாட்டாரு. அம்மா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அதற்குப் பிறகு நான் அவனுக்குக் காது ஆனேன். அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டால் அவன் முழங்கையைத் தொடுவேன். யாராவது பேசினால் அவன் பார்க்கிற மாதிரி நின்று வாயசைப்பேன். தட்டு ஓடும்போது அவன் எதிரே உட்கார்ந்து, இப்போது வயலின், இப்போது குருவி என்று சொல்வேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. எதற்கும் லாயக்கில்லாத சின்னப் பெண்ணாக இருந்தவள் நான். இப்போது நான் இல்லாமல் அண்ணனுக்கு ஒரு நாள் நகராது. அந்தப் பெருமை எனக்கு இருந்தது. சத்தியத்தைவிட அந்தப் பெருமைதான் என் வாயைக் கட்டியதோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

ரிசல்ட் வந்தது. அண்ணன் பெயிலாகியிருந்தான். கணக்கு வாத்தியார் பெட்ரோல் பங்கில் அப்பாவைப் பார்த்திருக்கிறார். "படிப்பு வராதது வேறங்க. நாலு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்கறான். வகுப்புல அத்தனை பேரு முன்னால. அவ்வளவு திமிரு" என்றிருக்கிறார். அப்பா நான்கு நாள் தூங்காமல் ஓட்டிக்கொண்டு வந்தவர். கண்ணெல்லாம் சிவந்து வீட்டுக்கு வந்தார்.

அண்ணன் வாசலில் குத்தவைத்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். முதுகு எங்கள் பக்கம் இருந்தது. நான் குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தேன்.

அப்பா கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். குடத்தை இறக்கி வைக்கலாமா, ஓடிப்போய்த் தொடலாமா என்று நான் தவிப்பதற்குள் மூன்றாவது தடவையும் கூப்பிட்டாகிவிட்டது. அவன் செயினைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

அப்பா போய் அவனை எழுப்பி நிறுத்தி, காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். எங்களை அவர் அதற்கு முன் அடித்ததே கிடையாது.

"பெத்தவன் கூப்பட்டா திரும்ப மாட்டயா? அத்தனை ஏத்தமாடா?"

அண்ணன் காதைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அப்பாவை அல்ல, என்னை. சொல்லாதே என்று தலையை ஆட்டினான். அப்பா அதையும் தன்னை மதிக்காமல் தலையாட்டுகிறான் என்றே எடுத்துக்கொண்டார். இன்னொன்று விழுந்தது. அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து குறுக்கே நின்றாள். ஒரே ஒரு வார்த்தை போதும். அவனுக்குக் காது கேக்காதுப்பா. என் நாக்கு வரைக்கும் வந்தது. நான் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"படிச்சுக் கிழிச்சது போதும். உங்கண்ணன் தறிப்பட்டறைக்கு அனுப்பு" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். "நாள் முச்சூடும் அந்தப் பெட்டி முன்னால உக்காந்துதான் இவன் இப்பிடி ஆனான்."

அடுத்த பம்பாய் லோடில் பெட்டியும் தட்டுகளும் போய்விட்டன. யாருக்குக் கொடுத்தார் என்று கேட்க எங்களுக்குத் துணிவில்லை. அதே வாரம் மாமா வந்து அண்ணனைக் குமாரபாளையத்துக்கு அழைத்துப்போனார். பஸ்ஸில் ஏறும்போது அவன் என் கன்னத்தைத் தட்டி, "யாருகிட்டயும் சொல்லுலயில்ல? நல்ல புள்ள" என்றான். ஒரு வருடம் தறியில் நின்று அப்பாவின் கோபம் தணிந்ததும் லாரிக்கு வந்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

ஐப்பசியில் அம்மாவோடு அவனைப் பார்க்கப் போனேன். மாமாவின் பட்டறை நீளமான ஓட்டுக் கட்டடம். உள்ளே இருபது விசைத்தறிகள். வாசலில் நிற்கும்போதே தரை அதிர்ந்தது. உள்ளே போனால் நம் குரல் நமக்கே கேட்காது. வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கையாலும் வாயசைப்பாலும் பேசிக்கொண்டார்கள். தலைமுடி முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்த அண்ணன் ஓடிவந்து என்னை வெளியே அழைத்துப்போய், சந்தோஷமாகச் சொன்னான், "இங்க யாருக்குமே காது கேக்காது அம்முணி. எல்லாரும் ஒண்ணு. எவனுக்கும் எம்பட சங்கதி தெரியாது."

எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இனி நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்ற சந்தோஷம். மிச்சமிருந்த கொஞ்சத்தையும் அந்தச் சத்தம்தான் தின்றுகொண்டிருந்தது என்று பத்து வயதில் எனக்கு எப்படித் தெரியும்? இப்படித்தான் எனக்கே சொல்லிக்கொள்வேன். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்லியிருந்தால்.

இரண்டு வருடம் கழித்து, பின்னால் வந்த மாட்டுவண்டி இடித்து அவன் கால் முறிந்தபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. வண்டிக்காரர் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். சேலத்தில் ஒரு காது டாக்டரிடம் கொண்டுபோனார்கள். நானும் போனேன். அவர் இரண்டு காதையும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறான் என்று கேட்டார். மாமா சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"சீழ் புடிச்ச காதோட தறிக்கு அனுப்பியிருக்கீங்களே. ரெண்டு வருசம் முன்னாடி வந்திருந்தா பாதியாவது காப்பாத்தியிருக்கலாம்."

அப்பா எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "நான் காதுல அடிச்சேனுங்க" என்றார்.

"அடியினால இல்லீங்க. இது ரொம்ப நாளா இருந்திருக்குது" என்றார் டாக்டர். அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, லாரிக்காரர்கள் லோடு எழுதும் தாளின் பின்பக்கத்தில், அப்பா தனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதி அண்ணனிடம் நீட்டினார். ஏன் சாமி சொல்லவில்லை. அண்ணன் அதை வெகுநேரம் பார்த்தான். பெஞ்சின் மறுகோடியில் நான் இருந்தேன். என் பக்கம் திரும்பினால் அப்பாவுக்குப் புரிந்துவிடும் என்று அவன் திரும்பவே இல்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அவன் தறியிலேயே இருந்துவிட்டான். கேட்காதவனுக்கு வேறு எங்கே வேலை? அங்கே நூல் சுற்ற வந்த பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டான். அண்ணி நல்லவள். அவனிடம் பேச அவளுக்குக் குரலே வேண்டியிருந்ததில்லை. இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தான். கெட்டுப்போன வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன். பம்பாய் மட்டும் போகவில்லை.

அப்பா சாகும்வரை அவனிடம் பேசுவதென்றால் எதிரே போய் நின்று, அவன் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து பேசுவார். லாரி ஓட்டுவதையும் சீக்கிரம் விட்டுவிட்டார். கடைசியாகப் படுத்திருந்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்பையன் காத நாந்தான் அடிச்சு ஒடைச்சேன் அம்முணி" என்றார். நூறாவது தடவையாகச் சொன்னார். இல்லைப்பா, அதற்கு முன்பே போய்விட்டது, எனக்குத் தெரியும் என்று சொல்ல அப்போதும் எனக்கு வாய் இருந்தது. சொன்னால், ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். "விடுங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். அப்படியே போய்விட்டார்.

நான் பாங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். இசை கேட்பதை மட்டும் விடவில்லை; முதலில் கேசட், பிறகு சிடி, இப்போது போனில். சென்னையில் வெளிநாட்டு ஆர்க்கெஸ்ட்ரா வந்தால் லீவு போட்டுவிட்டுப் போவேன். நூறு பேரையும் நேரில் பார்த்தது நான். அண்ணன் வீட்டுக்கு வருகிறான் என்றால் சிடி அலமாரிக்குத் திரை போட்டுவிடுவேன். அவன் ஒருநாளும் அதை விலக்கியதில்லை.

போன பங்குனியில் ஒரு மத்தியானம் தனியாக வந்தான். முடியெல்லாம் நரைத்து, கொஞ்சம் இளைத்திருந்தான். நான் சமையலறையில் இருந்தேன். எட்டிப் பார்த்தால் திரை விலகியிருந்தது. ஒரு சிடியைக் கையில் வைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமில்லை, ஒன்றுமில்லை. துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டான். பிறகு சமையலறைக்கு வந்து எனக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

நான் அடுப்பைப் பார்த்து நின்றேன். ரசம் நுரைகட்டிக்கொண்டிருந்தது. என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது. சத்தமாகவே சொன்னேன்.

"அன்னைக்கு நான் சொல்லியிருந்தா உன்னைத் தறிக்கு அனுப்பியிருக்க மாட்டாங்கண்ணா. நீ சொல்லாதேன்னதுக்காக மட்டும் நான் சும்மா இருக்கல. பயம். அப்பறம் நீ என்னைய நம்பியே இருக்கறது எனக்குப் புடிச்சிருந்துச்சு. அப்பா சாகறப்பக்கூட தான் அடிச்சுத்தான் போச்சுன்னு நெனைச்சே செத்தாரு. நான் அப்பவும் வாயத் தொறக்குல. என்னைய மன்னிச்சிருண்ணா."

எல்லாவற்றையும் அடுப்புக்கு நேராகத்தான் சொன்னேன். திரும்பவில்லை. என் தோள் அசைந்திருக்க வேண்டும்.

"ஏதாச்சும் சொன்னயா அம்முணி?" என்றான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினேன். அவன் என் உதட்டைப் பார்த்துக் காத்திருந்தான். ஐம்பது வருடம் அப்படிப் பார்த்துப் பழகிய கண்கள்.

"சோறு போடட்டுமான்னு கேட்டேன்."

"போடு" என்றான். "பசிக்குது."